பழைய சட்டைக்குள் புது வண்டி

இனிமேல் வண்டியே வாங்குவதில்லை என்று நான் முடிவு செய்தேன். இது ஒன்பதாவது முடிவு. இதற்கு முந்தைய எட்டு முடிவுகளும் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன, ஆளுக்கு நாலு சக்கரத்தோடு.

வண்டி என்றதும் என்னைப் பெரிய புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது ரிமோட்டில் ஓடுகிற வண்டி. ஒன்றரை அடி நீளம். என் மனைவி அதைப் பொம்மை என்பாள். பொம்மைக்கு யாராவது கியர் மாற்றுவார்களா? ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விடுவார்களா? இதையெல்லாம் அவளிடம் எடுத்துச் சொன்னேன். "பொம்மைக்கு இவ்வளவு வேலை செய்யறதாலதான் சிரிப்பா இருக்கு" என்றாள். அதோடு எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை மற்றவர்கள் பார்வைக்காக என் பார்வையைத் தேய்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு ரூம். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் பஸ் ஏறின மூன்றாம் நாள் அந்த ரூமில் என் மேஜை ஏறிவிட்டது. நல்ல பெரிய ஜன்னல், கிழக்குப் பார்த்த வெளிச்சம். உளுந்து அளவு ஸ்குரூ கீழே விழுந்தால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்.

அந்த ரூமுக்குத்தான் வந்தது ஆபத்து.

என் மனைவி தையல்காரி. கம்பெனிகளுக்குச் சீருடை தைக்கிறாள். அவளுடைய மெஷின் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து மூலையில் இருந்தது. அங்கே இருட்டு என்று அவள் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நாலு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கண்ணுக்குப் பழகிடும்மா. கண்ணாடிக் கடைக்காரன் சொல்றேன், கேட்டுக்கோ."

போன மாதம் அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கூரியர் கம்பெனிக்கு அறுபது சட்டை. கறுப்புத் துணி, கறுப்பு நூல்.

"என்னங்க, அந்த ரூம் எனக்கு வேணும்."

"எந்த ரூம்?"

"நம்ம வீட்ல என்ன, இருபது ரூமா இருக்கு? ஜன்னல் ரூம்தான்."

"அது என் ஒர்க்‌ஷாப்."

"கறுப்புல கறுப்பு தைக்கிறேங்க. நேத்து ரெண்டு தடவை விரல்ல ஊசி ஏறிடுச்சு. இந்தாங்க, பாருங்க."

விரலைக் காட்டினாள். எனக்கே கொஞ்சம் உறுத்தியது. உறுத்தும்போதுதான் மனுஷனுக்கு வீறாப்பும் வரும்.

"பொம்மை ஓட்டறவன்னுதானே என்னை நினைக்கிறே? வர மூணாவது ஞாயித்துக்கிழமை மர டிப்போ மைதானத்துல பந்தயம் இருக்கு. கல்லு, மணல், பலகைப் பாலம் எல்லாம் தாண்டணும். என் சிவப்பு டிரக்கை இறக்கறேன். அது ஜெயிச்சா அந்த ரூம் பக்கமே நீ தலை வச்சுப் படுக்கக் கூடாது!"

"தோத்தா?"

"தோத்தா ரூம் உனக்கு."

"போன மூணு பந்தயத்துலயும் கடைசியா வந்துச்சே, அதே சிவப்பு டிரக்கா?"

"அதேதான்!"

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் மூடிக்கொள்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

அவள் அளவு நோட்டை எடுத்தாள். யாருக்கோ கழுத்து பதினைந்து, தோள் பதினெட்டு என்று எழுதியிருந்த பக்கத்தின் கீழே எழுதினாள்: 'பழைய டிரக் ஜெயித்தால் ரூம் அவருக்கு. தோற்றால் எனக்கு.' எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்னொரு வரி சேர்த்தாள்: 'நடுவில் புது வண்டி வாங்கினால் பந்தயமே தேவையில்லை, ரூம் எனக்கு.'

"இது எதுக்கு?"

"சும்மா, ஒரு தையல் கூடப் போட்டு வச்சா பிரியாதுன்னு."

கையெழுத்துப் போட்டேன்.

சிவப்பு டிரக்கைப் பற்றி நாலு வார்த்தை. அதன் கியரில் ஒரு பல் உடைந்திருக்கிறது. ஓடும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். வயசான மனுஷன் மாடி ஏறுகிற வேகம்தான் அதற்கு. மற்ற ஏழு வண்டிகளும் தார் ரோட்டில் ஓடுகிற கார்கள், கல்லில் ஏறாது. ஆக, டிரக்கை நம்பினால் ரூம் போச்சு.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பளிச்சென்று ஒரு விஷயம் புரிந்தது. இந்த வண்டிகளுக்கு மேலே இருக்கிற பாடி என்பது ஒரு பிளாஸ்டிக் ஓடு. நாலு கிளிப்தான். கழற்றினால் கையோடு வந்துவிடும். வண்டி என்பது உண்மையில் அடியில் இருக்கிற சேஸிஸ், மோட்டார், கியர். ஆனால் பார்க்கிறவர்கள் பார்ப்பது மேல் பாடியை மட்டும்தானே! என் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு நிறம். அதோடு, அவளுடைய இஸ்திரிப் பெட்டி பட்டு இடது கதவில் உருகிப்போன தழும்பு. அந்தத் தழும்பு இருந்தால் அது பழைய டிரக்.

ஒன்பதாவது முடிவு அங்கேயே முடிந்தது.

புது டிரக்கைக் கடை விலாசத்துக்கே வரவழைத்தேன். கழுவி எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பழசையும் கடைக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் பின்பக்க ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். புது டிரக்கின் பாடியைக் கழற்றிக் கடைப் பரணில் போட்டேன். பழைய சிவப்புப் பாடியை எடுத்துப் புது சேஸிஸ் மேல் மாட்டினேன். புது சேஸிஸ் பழசைவிட ஒரு விரற்கடை நீளம் கூட. முன் டயர் பாடியில் இடித்தது. எனக்கென்ன கஷ்டம்? ஃபிரேமுக்கு ஏற்றபடி கண்ணாடி வெட்டுகிறவன் நான். இடித்த இடத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன். ரிமோட்டிலும் கோட்டை விடவில்லை. பழைய ரிமோட்டையே புது வண்டியோடு ஜோடி சேர்த்தேன். வேகம் போதாதென்று மோட்டாரில் பெரிய பல்சக்கரம் வேறு. தழும்பைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன்.

மிச்சம் இருந்தது பழைய சேஸிஸும் புது ரிமோட்டும். இரண்டையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு எதிர் வீட்டு பஸ் டிரைவரிடம் கொண்டுபோனேன்.

"இதுல என்ன சார்?"

"பழைய கண்ணாடி ஃபிரேம்."

"ஃபிரேம் இவ்வளவு கனமாவா இருக்கும்?"

"அந்தக் காலத்து ஃபிரேம்."

"உங்க வீட்லயே வைக்கலாமே?"

"வீட்ல என் சம்சாரம் இருக்கா."

அவர் பெட்டியை வாங்கி செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளினார். "என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராது சார். நானும் கல்யாணம் ஆனவன்தான்."

வரவில்லை. அந்த மனுஷன் வாக்குத் தவறவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் செருப்பு அலமாரியைத் துடைக்கிறவர் அவர் இல்லை.

அன்று சாயங்காலம் சிவப்பு டிரக்கை ஹாலில் வைத்தேன். என் மனைவி கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள். நின்றாள்.

"இது என்ன, வளர்ந்திருக்கு?"

"வண்டி எங்கேயாவது வளருமா?"

"அதைத்தான் நானும் கேட்கறேன்."

"நல்லாக் கழுவினேன்ல. அழுக்கு போனா அப்படித்தான் தெரியும்."

"கழுவினா துணி சுருங்கும். உங்க வண்டி நீளுதா?"

அவள் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தாள். கழுத்திலிருந்த டேப்பில் கை போனது. என் உயிர் அந்த டேப்பின் நுனியில் ஆடியது. நல்லவேளை, கையை எடுத்துவிட்டாள்.

"முன்னாடி அக்குள்கிட்ட இறுக்கிப் பிடிக்குதுங்க. கையைத் தூக்கினா இழுக்கும். கொஞ்சம் பிரிச்சு விடட்டுமா?"

"வேணாம்! அது அப்படித்தான்! மாடல்!"

"சரி சரி, ஏன் கத்தறீங்க? உங்க வண்டி, உங்க மாடல்." கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் மூலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சாப்பாடே செரிக்க மாட்டேன் என்கிறது.

அதன்பின் இரண்டு வாரம். தினமும் வேலையிலிருந்து வரும்போது எனக்கு இடுப்பு கழன்றுவிடும். கால் மணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்ப்பேன், உட்கார்ந்துவிடுவேன். ஹால் தரையில் தையல் சாக்பீஸ் பொடி சிந்திக் கிடந்தது. அதில் டயர் தடம், ஹாலிலிருந்து சமையலறை மூலை வரைக்கும். நான் ஓட்டியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள், "ரிமோட்ல அந்த வளையத்தைத் திருப்பினா வேகம் குறையுமா?" என்று கேட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி! மனம் குளிர்ந்து அரை மணி நேரம் விளக்கினேன். எங்கே மெதுவாகப் போக வேண்டும், கல்லை எந்தச் சக்கரத்தால் முதலில் தொட வேண்டும், பாலத்தில் ஏன் நிறுத்தக் கூடாது, எல்லாம் சொன்னேன். படம்கூடப் போட்டுக் காட்டினேன். படத்தை அவள் மடித்து அளவு நோட்டில் வைத்துக்கொண்டாள். பாசம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"நானும் வரேங்க."

"வெயில் ஜாஸ்தியா இருக்குமே."

"என் ரூம் போகுதா வருதான்னு நான் பார்க்க வேணாமா?"

மர டிப்போவுக்குப் பின்னால் அரை மைதானம். கல் குவியல், மணல் மேடு, ஒரு சாண் அகலத்தில் பலகைப் பாலம், அதன் இரண்டு பக்கமும் பள்ளம். வழி நெடுகச் சின்னச் சின்னக் கொடிகள். கொடியைத் தொட்டால் பத்து விநாடி அபராதம், வண்டியைக் கையால் தொட்டால் ஆட்டம் அவுட். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். எங்கள் கிளப் செயலாளரை நாங்கள் விசில் என்று கூப்பிடுவோம். மனுஷன் மூச்சு விடுவதே விசிலில்தான்.

மொத்தம் பதினோரு வண்டி. நான் பத்தாவது. பதினோராவது பேர் பட்டியலில் விசிலின் விரலுக்கு அடியில் மறைந்திருந்தது. மேஜையில் அந்த வண்டியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பாடிகூட இல்லை. கம்பி வளைத்து அதன் மேல் நீலக் கட்டம் போட்ட துணி தைத்துப் போர்த்தியிருந்தது. தையல் நேர்த்திதான், மறுக்க முடியாது.

"யாருய்யா தலையணை உறையைக் கொண்டு வந்து வச்சிருக்கறது?" என்று சத்தமாகக் கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்பது வண்டியில் ஐந்து பள்ளத்தில் விழுந்தன. மிச்சம் நாலும் கொடிகளைப் பந்தாடின. அபராதமும் சேர்த்து இதுவரை மிகக் குறைந்த நேரம் நாலு நிமிஷம்.

"பத்து!" விசில் ஊதினார்.

சிவப்பு டிரக் பாய்ந்தது. அப்பா, என்ன பாய்ச்சல்! முதல் கல் குவியலை ஏறவேயில்லை, தாண்டியே விட்டது. தாண்டினது ஒரு கொடியின் மேல் இறங்கியது. பரவாயில்லை, பத்து விநாடிதானே. மணல் மேடு, ஒரே தூக்கு. இன்னும் ஒரு கொடி. ஒரு நிமிஷத்தில் பாலத்துக்கு முன்னால் நின்றேன். அங்கே ஒரு வலது திருப்பம். சரியான முழங்கைத் திருப்பம். ரிமோட்டை முழுக்கத் திருப்பினேன்.

கீச்.

டயர் பாடியில் மாட்டிக்கொண்டது. முன்னே விட்டேன், கீச். பின்னே விட்டேன், கீச். அக்குளில் இறுக்கிப் பிடித்துவிட்டது.

விசில் ஓடி வந்தார். "சார், பாடிதான் இடிக்குது. ரூல்ல இடமிருக்கு. ஒரு தடவை பாடியைக் கழட்டிக்கலாம், அதுக்கு மட்டும் கை வைக்கலாம். நாலு கிளிப்புதானே? கழட்டிட்டு ஓட்டுங்க, நீங்கதான் ஜெயிப்பீங்க!"

உண்மை. கழற்றினால் நான் ஜெயித்தேன். கழற்றினால் கீழே பளபளவென்று புது சேஸிஸ், புது மோட்டார், கம்பெனி ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை. மூன்று அடி தூரத்தில் என் மனைவி.

"கழட்டுங்களேன்" என்றாள். "பாவம், புழுங்குது அதுக்கு."

"வேணாம்."

"சார், நேரம் ஓடுது!" என்றார் விசில்.

"பாடி இல்லாம ஓட்டறது எனக்குப் பழக்கமில்ல."

"போன மாசம் பூரா பாடி இல்லாமத்தானே ஓட்டினீங்க?"

"அது போன மாசம்!"

பின்னே எடுத்து, அகலமாகச் சுற்றி, திருப்பாமல் திருப்பிப் பாலத்தில் ஏற்றலாம் என்று பார்த்தேன். பெரிய பல்சக்கரம் மெதுவாகப் போகிற சாதி இல்லை. விரலால் லேசாகத் தொட்டேன், வண்டி பாலத்தின் மேல் போகாமல் பாலத்தின் பக்கமாகப் போனது. பள்ளத்தில் மல்லாந்து நாலு சக்கரத்தையும் ஆகாயத்தைப் பார்த்துச் சுழற்றியது. அப்போதும் பாடி கழலவில்லை. அவ்வளவு நன்றாக மாட்டியிருந்தேன்.

ரூம் போச்சு. ஆனால் ரகசியம் தப்பித்தது. மானம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு மரக்கட்டை மேல் உட்கார்ந்தேன்.

"பதினொண்ணு!"

யாரும் வரவில்லை. பிறகு என் பக்கத்திலிருந்த என் மனைவி, "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு நடந்தாள். எதிர் வீட்டு பஸ் டிரைவர் கூட்டத்திலிருந்து வந்து நீலக் கட்டத் துணி வண்டியை எடுத்துக் கோட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே போய் நின்றுகொண்டார். என் மனைவி, அவர் கொடுத்த ரிமோட்டின் விசையில் விரலை வைத்தாள். அது அட்டைப் பெட்டியில் நான் வைத்த புது ரிமோட்.

வண்டி கிளம்பியது.

டிக், டிக், டிக்.

அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன். கறுப்புச் சட்டைக் கையை மெஷினில் எப்படித் தள்ளுவாளோ அப்படித் தள்ளினாள். முப்பது வருஷமாக மெஷின் மிதியைக் காலால் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் விட்டுப் பழகினவள். இப்போது அதே வேலையை விரலால் செய்தாள். கல்லை முன் சக்கரத்தால் தொட்டாள், நின்றாள், ஏறினாள். நான் சொல்லிக்கொடுத்தது. பாலத்தில் நிறுத்தவில்லை. அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு கொடி அசையவில்லை. மூன்றரை நிமிஷம். விசில் ஊத மறந்து கை தட்டினார்.

கூட்டம் கலைந்தபின் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஜெயித்த கப்பு. அளவு நோட்டைப் பிரித்தாள்.

"பழைய டிரக் ஜெயிச்சா ரூம் உங்களுக்கு. அதானே எழுதியிருக்கு? நான் நியாயமாத்தான் பேசுவேன். சொல்லுங்க, பழைய டிரக் எது?"

வாயைத் திறந்தேன். சிவப்பு என்று சொன்னால் அது தோற்றுவிட்டது, ரூம் போச்சு. நீலக் கட்டம் என்று சொன்னால் ஜெயித்தது பழைய டிரக், ரூம் எனக்கு. ஆனால் சிவப்பு புது வண்டி என்று ஆகிறது. புது வண்டி வாங்கினால் ரூம் அவளுக்கு என்று கடைசி வரி இருக்கிறது. வாயை மூடினேன்.

"எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நீங்க ஹால்ல கொண்டு வந்து வச்சப்பவே. முப்பது வருஷமா சட்டை தைக்கிறேங்க. தம்பி சட்டையை அண்ணன் போட்டு வந்தா எனக்குத் தெரியாதா? மறுநாளே எதிர் வீட்டு அக்கா பெட்டியோட வந்துட்டாங்க. செருப்பு அலமாரில ஃபிரேம் இருக்கு, ஆனா சக்கரம் வச்ச ஃபிரேமா இருக்குன்னாங்க. வண்டியோட ஜோடி சேர்க்கறது எப்படின்னு ரிமோட்டு முதுகுலயே படம் போட்டிருந்துச்சு. நீங்க கடைக்குப் போனதும் தினம் ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். ஹால்லருந்து மூலைக்கு நூல்கண்டு கொண்டு வரும்."

"அன்னைக்கே கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!"

"நாலு வருஷமா கேட்டேனே."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் விரல் நுனியில் ஊசி ஏறின புள்ளிகள் தெரிந்தன. பிடித்திருந்த கைப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது ஜன்னல் ரூமில் மெஷின் ஓடுகிறது. அறுபது சட்டையும் முடிந்து, இன்னும் எண்பதுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ஜெயித்த கப்பில் நூல் சுற்றின பாபின்களைப் போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த பந்தயத்துக்குப் படிவம் வந்தது. ஓட்டுநர் என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள், உதவியாளர் என்ற இடத்தில் எனக்கும் சேர்த்து. உடைந்த பல்லை மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அந்தச் சத்தம் ராசி என்கிறாள்.

என் மேஜை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து மூலையில் இருக்கிறது. நேற்று சிவப்பு டிரக்கைப் பிரித்து உட்கார்ந்தேன். கறுப்பு ஸ்குரூ ஒன்று கறுப்பு மோட்டாரின் மேல் விழுந்தது. தடவித் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"ஏம்மா, இங்க ரொம்ப இருட்டா இருக்கே!" என்று குரல் கொடுத்தேன்.

ஜன்னல் ரூமில் மெஷின் ஒரு நொடி நின்றது.

"கண்ணுக்குப் பழகிடுங்க. கண்ணாடிக் கடைக்காரரே சொல்லியிருக்காரு."